செம்பு தன் இடத்துக்குத் திரும்ப

அன்பு மகளுக்கு,

செம்பை நீக்கிய நொதிக்கு அதைத் திரும்பக் கொடுத்தும் செயல்திறன் பாதிகூட மீளவில்லை என்று எழுதியிருந்தாய். புரதம் கெட்டுவிட்டது என்று அதற்குள் முடிவு கட்டிவிடாதே, கண்ணம்மா.

நீ எடுத்துக்கொண்டிருக்கும் சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்ற நொதி இரண்டு துணையலகுகளால் ஆனது. ஒவ்வொன்றிலும் ஒரு செம்பு அயனியும் ஒரு துத்தநாக அயனியும் இருக்கின்றன. பிஎச் 3.8 உள்ள அசிட்டேட் பஃபரில் (அமிலநிலை மாறாமல் வைத்திருக்கும் கரைசலில்) உலோகங்களைப் பற்றிக்கொள்ளும் இ.டி.டி.ஏ. சேர்த்து, நொதியைச் சவ்வுப் பையில் இட்டு அதில் மூழ்கவைத்து டயாலிசிஸ் செய்யும்போது, உலோகங்களைப் பிடித்திருக்கும் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலங்களின் பிடியை அமிலம் தளர்த்த, இ.டி.டி.ஏ. இரண்டு உலோகங்களையும் கவர்ந்துகொள்கிறது. பைக்குள் இருந்த நீலப்பச்சை மெல்ல வெளிறி, கடைசியில் தண்ணீர்போல் தெளிந்துவிடுகிறது. அந்தத் தெளிவைக் கண்டு வேலை முடிந்தது என்று நிறுத்துவதுதான் பெரிய பிழை. அமிலநிலையில் நேர்மின்னேற்றம் மிகுந்திருக்கும் புரதம் இ.டி.டி.ஏ.வைத் தன்மேலேயே ஒட்டவைத்துக்கொள்வதால், நீ பின்னர் விடும் செம்பு நொதியில் தனக்குரிய குழிவைச் சேருமுன் அந்த இ.டி.டி.ஏ.வின் கையில் சிக்கிவிடும். எனவே அதே பஃபரில் 0.1 மோலார் சோடியம் குளோரைடு கலந்து மறுபடியும் டயாலிசிஸ் செய். அதன்பிறகு உப்பில்லாத பஃபருக்கு மாற்று.

பாத்திரங்களிலும் கவனம் வேண்டும். செம்பே சேர்க்காத என் மாதிரி ஒன்று மூன்றாம் நாள் செயல்படத் தொடங்கியபோது நான் திகைத்துப்போனேன். அமிலத்தில் ஊறவைக்காத ஒரே ஒரு பீக்கரில் ஒட்டியிருந்த செம்புதான் காரணம்.

செம்பைத் திரும்பக் கொடுக்கும்போது மொத்தமாக ஊற்றாதே. அளவு மிஞ்சினால் துத்தநாகத்தின் இடத்திலும் அது போய் அமர்ந்துகொள்ளும். அப்போது நிறம் வந்திருக்கும், ஆனால் உன்னிடம் இருப்பது இயற்கையான நொதியாக இராது. சிறிது சிறிதாகச் சேர்த்து, 680 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளி உறிஞ்சல் உயர்வதைக் குறித்துக்கொண்டே போ; செயல்திறனைத் தனியாக அள.

ஜெர்மன் உயிர்வேதியியலாளர் குபோவிட்ஸ் 1938இல் உருளைக்கிழங்கு நொதியின் செம்பைச் சயனைடால் எடுத்துவிட்டு மீண்டும் சேர்த்து உயிர்ப்பித்தார். அந்த வழியை நீ நாடினால், சயனைடுக் கரைசலில் ஒரு துளி அமிலமும் படக்கூடாது. கிளம்பும் வாயு ஆளைக் கொல்லும். ஆய்வகத்தில் தனியாக இருக்கும் நேரத்தில் அதைத் தொடவே தொடாதே.

அடுத்த கடிதத்தில், உலோகம் நீக்கிய புரதத்தில் எவ்வளவு செம்பும் துத்தநாகமும் மிஞ்சியிருக்கின்றன என்று அணு உறிஞ்சல் நிறமாலைமானி காட்டும் எண்களை எழுது. அவற்றைப் பார்த்த பிறகே மேற்கொண்டு என்னால் சொல்ல முடியும்.

அன்புடன்,
அம்மா