போனில் கேட்ட அந்தக் குரலுக்கு நன்றி

புகையிலைப் பழக்கத்தைக் கைவிட உதவும் போன் எண்ணுக்கு ஒரு ராத்திரி அழைத்தபோது எடுத்துப் பேசிய அக்காவுக்குத்தான் இந்தப் பதிவு. பெயர் கேட்க அப்போது தோன்றவில்லை.

அறிவுரை வரப்போகிறது என்று போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளியே வைத்திருந்தேன். அவரோ, "எழுந்து எத்தனை நிமிஷத்துல முதல் சிகரெட்?" என்றார். பல் துலக்கும் முன்பே என்றேன். திட்டவில்லை. நிகோடின் பிடி எவ்வளவு இறுக்கம் என்பது அதில் தெரியுமாம். நிறுத்தும் தேதியை என் வாயாலேயே சொல்லவைத்தார். முதல் 2, 3 நாள்தான் ரொம்பப் படுத்தும், ஒவ்வொரு தவிப்பும் சில நிமிடங்களில் அடங்கிவிடும் என்றார்.

மூன்றாம் நாள் பெட்டியைப் பிரித்தேவிட்டேன். சொல்லிவைத்தாற்போல் அவரே அழைத்தார். "சரி, கையிலயே இருக்கட்டும். பேசிக்கிட்டே ஒரு டம்ளர் தண்ணி குடிங்க." பேச்சு முடிந்தபோது விரல் ஈரத்தில் சிகரெட் நைந்துபோயிருந்தது.

அப்புறமும் இரண்டு தடவை சறுக்கினேன் (பொய் சொல்வானேன்). "மறுபடி தேதி குறிப்போமா?" என்று மட்டும் கேட்டார்.

இன்றோடு 7 மாதம். அக்கா, இப்போதெல்லாம் மாடிப்படியில் நடுவில் நிற்காமல் ஏறிவிடுகிறேன்.