படையை விட்டு வந்த அண்ணனுக்கு

அண்ணா,

நீங்கள் சீருடையைக் கழற்றிய நாள் மறுபடி வந்திருக்கிறது. உங்களைக் கேட்காமல் நான் மனநல மருத்துவரிடம் பேசியதை அண்ணி சொல்லித்தான் அறிந்தீர்களாம். மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனால் பேசியிருக்கக் கூடாது என்று மட்டும் என்னால் சொல்ல முடியாது.

தைப்பூசத்தன்று நம் டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் கோவிலில் நடந்தது என்னை விடவில்லை. அர்ச்சனைத் தட்டை நீட்டினீர்கள். குருக்கள் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். நீங்கள் நிமிர்ந்து, குதிகால்களைச் சேர்த்து, உங்கள் படை எண்ணைச் சொன்னீர்கள். முழு எண்ணையும், தயங்காமல். பின்னால் நின்ற மாமா சிரித்தார். வரிசையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். குருக்கள் மறுபடி கேட்டபோது உங்கள் உதடு அசைந்தது, குரல் வரவில்லை. "ரோகிணி" என்று நான்தான் சொன்னேன். அசுவினி முதல் ரேவதி வரை எனக்கு மனப்பாடம் செய்யவைத்ததே நீங்கள்தானே, அண்ணா.

அன்று இரவு வீட்டில் நடந்ததை இங்கே எழுதமாட்டேன். உறவினர்களும் படிப்பார்கள். அண்ணி தலையணையோடு பிள்ளைகளின் அறைக்குப் போய்விட்டார் என்பது வரை போதும்.

2025 ஜனவரியில், காங்கோவின் கோமா பகுதிச் சண்டையில் நம் தென்னாப்பிரிக்க வீரர்கள் 14 பேர் இறந்தபோது, "நானும் அங்கே இருந்திருக்க வேண்டும்" என்றீர்கள். பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நீங்கள் காங்கோவுக்குப் போன போதெல்லாம் விரதம் இருந்த வீடு இது. எங்களோடு இருப்பது அவ்வளவு பெரிய தண்டனையா?

விடியுமுன்பே உடுத்திக்கொண்டு வாசலில் நிற்கிறீர்கள். வர வேண்டிய வண்டி எதுவும் இல்லை. எழுப்பவும் வேலை சொல்லவும் ஆள் இருந்த வாழ்க்கை ஒரே நாளில் நின்றுபோனது. அப்படிப்பட்டவரிடம் "நன்றாக ஓய்வெடுங்கள்" என்று ஊரே சொல்கிறது!

பைத்தியக்காரர்களுக்குத்தான் அந்த மருத்துவம் என்கிறீர்கள். முன்னாள் படைவீரர்களுக்கான 2011ஆம் ஆண்டுச் சட்டத்தைப் படித்துப் பார்த்தேன். பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோய்க்கு ஆலோசனையும் சிகிச்சையும் தர வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. உங்களைப் போன்றவர்கள் பலர் இருப்பதால்தானே எழுதி வைத்தார்கள்? அவர்களின் தங்கைகளும் படிக்கட்டும் என்றுதான் இதைப் பொதுவில் எழுதுகிறேன். உங்கள் பெயரைப் போடவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். வண்டியை நான் ஓட்டுகிறேன். படிவத்தில் பாதியை நிரப்பிவிட்டேன். பணியாற்றிய இடங்களை நீங்கள்தான் எழுத வேண்டும். எங்களிடம் நீங்கள் சொன்னதே இல்லையே.

உங்கள் தங்கை