கீயாவுக்கு முறுக்கு கொடுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த நியூசிலாந்துப் பயணக் கட்டுரையை ஒரே மூச்சில் படித்து முடித்தேன். நான் 11 வருடமாகக் கிறைஸ்ட்சர்ச்சில் குடியிருக்கிறேன். தினமும் பார்க்கிற மலைகளைப் பற்றித் தமிழில் படிப்பது தனிச் சந்தோஷம். ஆனால் ஆர்தர்ஸ் பாஸ் என்ற மலைக்கணவாய்ப் பகுதியில் ஒரு பெரிய பச்சைக்கிளி கார்க் கதவில் தொற்றிக்கொண்டு கட்டுரையாளர் கையிலிருந்து சிப்ஸ் வாங்கித் தின்கிற படம் போட்டிருந்தீர்கள். அதன் கீழே, போகிறவர்கள் ஒரு பாக்கெட் கூடுதலாக எடுத்துப் போங்கள் என்று ஒரு வரி. அந்த வரியைப் படித்ததிலிருந்து மனது சரியில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அந்தக் கிளியின் பெயர் கீயா. நம்மவர்கள் கா கா என்று கரைவதைக் கேட்டுக் காகம் என்று பெயர் வைத்த மாதிரி, மாவோரி மக்கள் அது ‘கீ...ஆ’ என்று நீட்டிக் கூவுவதைக் கேட்டு வைத்த பெயர். உலகத்தில் பனிமலையையே வீடாகக் கொண்ட கிளி இது ஒன்றுதான். நியூசிலாந்தின் தெற்குத் தீவைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வாழ்வதில்லை. ஏறக்குறைய ஒரு கிலோ எடை, வாத்துப் போன்ற உடம்பு, கீழ்நோக்கி வளைந்த நீள அலகு. உட்கார்ந்திருக்கும்போது மங்கலான ஆலிவ் பச்சைதான். பறக்க எழும்போது சிறகின் அடியில் நெருப்புக் கொழுந்து மாதிரி ஆரஞ்சு நிறம் தெரியும். முதல் தடவை பார்க்கிற யாரும் வாயைப் பிளக்காமல் இருக்க மாட்டார்கள்.

கட்டுரையாளரைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாங்களும் கொடுத்திருக்கிறோம். நான் இங்கே வந்த முதல் வருடம், ஊரிலிருந்து அம்மா வந்திருந்தார். ஒட்டிரா மேம்பாலத்தைப் பார்க்கிற மலைத்திருப்பத்தில் வண்டியை நிறுத்தினோம். இரண்டு கீயாக்கள் தரையில் பக்கவாட்டாகத் தத்தித் தத்தி வந்தன. ஒன்று நேராக வண்டிமேல் ஏறி, கண்ணாடி துடைக்கிற வைப்பரின் ரப்பரை நுனியிலிருந்து நிதானமாக உரிக்க ஆரம்பித்தது. இன்னொன்று அம்மாவின் செருப்பு வாரை நாக்கால் தொட்டுத் தொட்டுப் பார்த்தது. கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம் இருந்தது. மஞ்சள் வளையம் இருந்தால் இளசு என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அம்மா ‘குழந்தை மாதிரி பாக்குதுடீ’ என்று சொல்லி, டப்பாவிலிருந்து ஒரு முறுக்கை உடைத்து நீட்டினார். அது காலால் வாங்கிக்கொண்டது. நாங்கள் கைதட்டினோம். அந்தக் கைதட்டலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஏன் என்று விளக்கக் கொஞ்சம் இடம் கொடுங்கள்.

தமிழில் கிளிப்பிள்ளை என்றால் சொன்னதைத் திருப்பிச் சொல்வது. கீயா அந்த ரகமே இல்லை. அது யோசிக்கிற பறவை. கிறைஸ்ட்சர்ச்சில் வில்லோபேங்க் என்ற விலங்குக் காப்பகம் இருக்கிறது. அங்கே வளரும் கீயாக்களை வைத்து ஆக்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்து 2020-இல் வெளியிட்டார்கள். கறுப்புச் சில்லைக் கொடுத்தால் தீனி கிடைக்கும், ஆரஞ்சுச் சில்லைக் கொடுத்தால் கிடைக்காது என்று முதலில் பழக்கினார்கள். பிறகு இரண்டு ஜாடிகள். ஒன்றில் கறுப்பு அதிகம், மற்றதில் ஆரஞ்சு அதிகம். ஆய்வாளர் இரண்டிலும் கைவிட்டு ஒவ்வொரு சில்லை மூடிய கையில் எடுத்து நீட்டுவார். எந்தக் கையில் என்ன இருக்கிறது என்று பறவைக்குத் தெரியாது. ஆனாலும் கறுப்பு அதிகமாக இருந்த ஜாடிக்குள் போன கையைத்தான் அவை தேர்ந்தெடுத்தன. எண்ணிக்கையைப் பார்க்கவில்லை, விகிதத்தைப் பார்த்தன. ஜாடிக்கு நடுவே தடுப்பு வைத்தபோது, தடுப்புக்குக் கீழே உள்ளவை கைக்கு எட்டாது என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டன. நம் ஊரில் கூண்டுக் கிளி ஒன்று சீட்டை இழுத்துப் போட, அதை நாம் விதி என்று நம்புகிறோம். இங்கே ஒரு கிளி நிகழ்தகவு பார்த்துக் கையைத் தேர்ந்தெடுக்கிறது.

அதே காப்பகத்தில் புரூஸ் என்றொரு கீயா. மேல் அலகே இல்லாமல், குஞ்சாக மீட்கப்பட்டது. அலகு இல்லாமல் சிறகு கோத முடியாது. கோதாவிட்டால் சிறகு பாழாகிவிடும். புரூஸ் என்ன செய்தது தெரியுமா? தனக்கு ஏற்ற அளவில் ஒரு கூழாங்கல்லைத் தேடி எடுத்து, நாக்குக்கும் கீழ் அலகுக்கும் நடுவே இடுக்கி, அதை வைத்துச் சிறகு கோதக் கற்றுக்கொண்டது. யாரும் சொல்லித் தரவில்லை. கூட இருக்கிற பறவைகள் எதுவும் அப்படிச் செய்வதில்லை. 2021-இல் இதுவும் ஆய்வாக வந்தது. நான் மகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பலமுறை வேலிக்கு இந்தப் பக்கம் நின்றிருக்கிறேன்.

விளையாடும்போது அவை எழுப்புகிற கொக்கரிப்பு ஒன்று உண்டு. அதைப் பதிவு செய்து மலையில் ஒலிக்கவிட்டபோது, சும்மா இருந்த கீயாக்களும் விளையாட ஆரம்பித்தன. சில, துணையே இல்லாமல் தனியாகவே ஆகாயத்தில் குட்டிக்கரணம் போட்டன. மில்ஃபோர்ட் சாலையில் ஹோமர் சுரங்கத்துக்குப் பக்கத்தில் போக்குவரத்துக் கூம்புகளை இவை நகர்த்தி நகர்த்தி நடுரோட்டில் வைத்ததால், சாலைப் பணியாளர்கள் இவற்றுக்கென்றே விளையாட்டுச் சாமான்கள் கொண்ட திடல் ஒன்றை ஓரமாக அமைத்துக் கொடுத்தார்கள்.

இந்த ஆர்வம்தான் அவற்றின் உயிரையும் வாங்குகிறது. மலையில் பழைய குடில்களின் கூரைகளில் ஈயத் தகடும் ஈயத் தலை ஆணியும் வைத்து அடித்திருப்பார்கள். ஈயம் இனிக்கும். ஒரு தடவை ருசி கண்ட கீயா திரும்பத் திரும்ப வந்து கொத்தும். ஈயம் ரத்தத்தில் ஏறினால் மூளையையும் பிடிக்கும். அத்தனை சூட்டிகையான பறவை தலை தொங்கி, கால் பின்னி, கடைசியில் இரை தேடத் தெரியாமல் செத்துப்போகும். கீயா பாதுகாப்பு அறக்கட்டளை என்று 2006-இல் தொடங்கிய அமைப்பு, வீடு வீடாக, குடில் குடிலாக இந்த ஈயத்தைக் கழற்றி வேறு பொருள் மாட்டுகிற வேலையைச் செய்துவருகிறது.

இன்னொரு பக்கம், மனிதன் கொண்டுவந்து விட்ட விலங்குகள். கீயா மரத்தில் கூடு கட்டாது. பாறை இடுக்கிலும் வேருக்கடியிலும் தரையோடு தரையாகப் பொந்து பிடிக்கும். தாய் மூன்று வாரத்துக்கு மேல் அடைகாக்க வேண்டும். பொரித்த பிறகு குஞ்சு வெளியே வர இன்னும் மூன்று மாதம். பாம்பு கிடையாது, கீரி கிடையாது என்று லட்சக்கணக்கான வருடங்களாக வாழ்ந்த பறவைக்கு அது போதுமான பாதுகாப்பாக இருந்தது. 1880-களில் முயலை ஒழிக்கிறோம் என்று, கீரியைப் போல ஒல்லியான ஸ்டோட் என்ற பிராணியைக் கொண்டுவந்து விட்டார்கள். பொந்துக்கு ஒரே வாசல். அது உள்ளே புகுந்தால் முட்டை, குஞ்சு, தாய் மூன்றும் போயிற்று.

அதற்கு முன்பே மனிதன் நேரடியாகவும் கொன்றிருக்கிறான். சில கீயாக்கள் உயிருள்ள ஆட்டின் முதுகைக் கொத்திக் கொழுப்பைத் தின்னும். இது கட்டுக்கதை என்று நெடுநாள் வாதாடினார்கள். 1990-களில் படம் பிடித்தே காட்டிவிட்டார்கள். நஷ்டப்பட்ட பண்ணைக்காரர்களின் கோபத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்காக அரசாங்கமே அலகுக்கு இவ்வளவு என்று விலை வைத்து, நூறு வருடத்தில் ஏறத்தாழ 1,50,000 பறவைகளைக் கொல்ல வைத்தது. 1970-இல் பாதிப் பாதுகாப்பு, 1986-இல்தான் முழுப் பாதுகாப்பு. இன்றைக்கு மிஞ்சியிருப்பவை 3,000-லிருந்து 7,000 வரை இருக்கலாம் என்பது மதிப்பீடு. நம் ஊரில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு ஒரே நாளில் வந்துபோகிற கூட்டம்கூட இதில் பாதி தேறும்.

இப்போது முறுக்குக்கு வருகிறேன். ஸ்டோட், எலி, போசம் என்ற மரமேறி விலங்கு ஆகியவற்றைக் கட்டுப்படுத்த ஹெலிகாப்டரிலிருந்து 1080 என்கிற விஷம் கலந்த தீனி உருண்டைகளைக் காட்டில் போடுகிறார்கள். அதைத் தின்று சில கீயாக்களும் சாகின்றன. இதை வைத்து இங்கே பெரிய சண்டையே நடக்கிறது. விஷத்தை அடியோடு நிறுத்து என்று சொன்னவர்களோடு நானும் ஒரு காலத்தில் சேர்ந்திருந்தேன். ஆனால் விஷம் போட்ட வருடங்களில் அதிகக் குஞ்சுகள் பிழைத்துப் பறக்கின்றன என்பதைத் தெரிந்துகொண்ட பிறகு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. அத்தனை பெரிய மலைக்காடு முழுக்கப் பொறி வைக்க முடியாது. எந்தக் கீயாக்கள் விஷத்தில் அதிகம் சாகின்றன என்று, ரேடியோ கருவி பொருத்தி ஆராய்ந்திருக்கிறார்கள். மனித வாடையே இல்லாத உள்காட்டுப் பறவைகளைவிட, வண்டி நிறுத்துமிடங்களிலும் உணவகங்களிலும் மனிதர் தீனிக்குப் பழகிய பறவைகளுக்குத்தான் ஆபத்து மிக அதிகம். பழகாத உருண்டையையும் தின்னலாம் என்று அவற்றுக்குக் கற்றுக்கொடுத்தது யார்? சிப்ஸ் நீட்டிய கை. என் அம்மா நீட்டிய முறுக்கு. கற்றுக்கொள்வதில் அவ்வளவு கெட்டி என்பதால் ஒரு தடவை போதும்.

காட்டில் அது கிழங்கு, பழம், தளிர், புழு என்று இருநூறுக்கு மேற்பட்ட வகை இரை தேடத் தெரிந்த பறவை. பட்டினி கிடக்கிறது என்று நாம் இரக்கப்பட வேண்டியதில்லை. ரோட்டோரம் நின்று வண்டியில் அடிபடுபவையும் இப்படிப் பழகியவைதான். நான்கு வருடத்துக்கு முன் அதே திருப்பத்துக்குச் சற்றுக் கீழே ஒன்றைப் பார்த்தேன். சிறகு விரிந்து கிடந்தது, அந்த ஆரஞ்சு நிறம் அப்படியே. பக்கத்தில் இன்னொன்று நின்று அலகால் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. மஞ்சள் வளையம் போட்ட கண்.

தமிழ்நாட்டிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் இங்கே வருகிற குடும்பங்கள் வருடா வருடம் கூடிக்கொண்டே போகின்றன. அவர்களில் பலர் உங்கள் பத்திரிகையைப் படித்துவிட்டுத்தான் பெட்டி கட்டுகிறார்கள். தயவுசெய்து அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள். கீயா பக்கத்தில் வந்தால் பாருங்கள், படம் எடுங்கள், தின்பண்டப் பையின் ஜிப்பை மூடி வண்டிக்குள் வையுங்கள், கிளம்பும்போது சக்கரத்தடியில் குனிந்து பாருங்கள். காலில் வண்ண வளையம் தெரிந்தால் நிறத்தையும் எழுத்தையும் குறித்துக்கொண்டு, கீயா தரவுத்தளம் என்ற இணையதளத்தில் பதிந்துவிடுங்கள். எந்தப் பறவை உயிரோடு இருக்கிறது என்று கணக்கு வைத்திருப்பவர்களுக்கு அது பெரிய உதவி.

இத்துடன் என் மகள் போன மாதம் எடுத்த படம் ஒன்றை அனுப்பியிருக்கிறேன். ஒரு கீயா பனியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, பனிக்கட்டித் துண்டு ஒன்றை நான்கு விரலாலும் பிடித்து உருட்டுகிறது. சுற்றிலும் மனிதர் யாரும் இல்லை. அந்த சிப்ஸ் படத்துக்குப் பதிலாக இதைப் போட்டுக்கொள்ளுங்கள். சன்மானம் வேண்டாம்.

அன்புடன்,
ஒரு வாசகி,
கிறைஸ்ட்சர்ச், நியூசிலாந்து.