இரண்டு கூட்டல் குறிகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் மாலத்தீவுத் தேனிலவு விடுதிகளைப் பற்றி ஆறு பக்கக் கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். படங்கள் கண்ணைப் பறித்தன. நான்காம் பக்கத்தில், கடல்மேல் கால் ஊன்றி நிற்கும் மரவீட்டின் படத்துக்குக் கீழே ஒரு வரி: "வாழ்க்கையில் ஒருமுறைதானே, விலையைப் பார்க்காதீர்கள்." இரண்டு நாளாக எனக்குக் காப்பி இறங்கவில்லை.

விலையைப் பார்க்காமலிருப்பது கட்டுரையாளருக்கு எளிது. ஆறாம் பக்கத்தின் அடியில், எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில், அவர் விடுதியின் விருந்தினராகப் போய்வந்தார் என்று நீங்களே போட்டிருக்கிறீர்கள். எனக்குக் கண்புரை எடுத்து நான்கு மாதம்தான் ஆகிறது, அதனால் தெரிந்தது. விருந்துக்குப் போனவர் இலைக்கு என்ன விலை என்று கேட்கமாட்டார், சரிதான். நாங்கள் மொய் எழுதிவிட்டுச் சாப்பிடுகிறவர்கள்.

முப்பத்திரண்டு வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். 2025 ஆவணியில் என் மகனுக்குக் கல்யாணம். தேனிலவு மாலத்தீவில்தான் என்று பிள்ளைகள் இரண்டு பேரும் முடிவு செய்துவிட்டார்கள். உங்கள் பத்திரிகை மாதிரியான படங்களைப் பார்த்துத்தான். விடுதியின் விலை ஓர் இரவுக்கு நானூறு டாலர். பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள். நான்கு இரவுக்கு ஆயிரத்து அறுநூறு, டாலர் எண்பத்தெட்டு ரூபாய் வைத்தால் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் என்று என் மகன் வாய்க்கணக்குப் போட்டான். அந்த இரண்டு குறிகளையும் நானும் கவனிக்கவில்லை. கூட்டல் குறி இருந்தால் பின்னால் ஓர் எண் இருக்க வேண்டும் என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள், சொந்த வீட்டுக் கணக்கில் கோட்டை விட்டேன்.

முதல் குறி சேவைக் கட்டணம், பத்து சதவீதம். இரண்டாவது அந்த நாட்டின் சுற்றுலா வரி. 2025 ஜூலை முதல் தேதியிலிருந்து அது பதினேழு சதவீதம். அதையும் சேவைக் கட்டணத்தைச் சேர்த்த தொகையின் மேல்தான் போடுகிறார்கள். ஆயிரத்து அறுநூறு இரண்டாயிரத்து ஐம்பத்தொன்பது ஆனது. பிறகு பசுமை வரி என்று ஒன்று. பெரிய விடுதிகளில் ஆளுக்கு இரவுக்குப் பன்னிரண்டு டாலர். இதற்குக் கூட்டல் குறிகூடக் கிடையாது. அதற்கும் மேல், விமான நிலையத்திலிருந்து விடுதி இருக்கும் தீவுக்குப் போக கடல் விமானம். போக வர ஆளுக்கு ஐந்நூறு டாலர். எல்லாம் சேர்ந்து மூவாயிரத்து நூற்று ஐம்பத்தைந்து. ஒன்று நாற்பது என்று நினைத்தது இரண்டு லட்சத்து எழுபத்தேழாயிரத்தில் வந்து நின்றது. இதில் மத்தியானச் சாப்பாடு சேரவில்லை.

கடல் விமானத்தைப் பற்றி உங்கள் கட்டுரையாளர் "பறவையாகும் அனுபவம்" என்று எழுதியிருக்கிறார். அந்தப் பறவை பொழுது சாய்ந்தால் பறக்காது என்பதையும் எழுதியிருக்கலாம். ஓடுபாதை கிடையாது, தண்ணீரில் கண்ணால் பார்த்து இறக்க வேண்டியது. பகலில் மட்டும்தான் ஓடும். மாலை மூன்றரை, நான்கு மணிக்குமேல் தலைநகர் மாலேயில் வந்திறங்குகிறவர்கள் அன்றைக்குத் தீவுக்குப் போய்ச்சேருவது அநேகமாக நடக்காது. என் மகனும் மருமகளும் இறங்கியது நாலரைக்கு. முதல் இரவு மாலேயில் ஒரு சாதாரண லாட்ஜில், கீழே மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டபடி கழிந்தது. கடல்மேல் வீட்டில் யாரும் படுக்காத அந்த இரவுக்கும் நானூறு டாலர், இரண்டு கூட்டல் குறிகளோடு. வடக்கு, தெற்கு மாலே பவளத்திட்டுகளில் இருக்கும் விடுதிகளுக்கு வேகப்படகு இருட்டிய பிறகும் போகும், கட்டணமும் குறைவு. டிக்கெட் போட்டுக்கொடுத்தவரும் சொல்லவில்லை, ஆறு பக்கம் எழுதியவரும் சொல்லவில்லை.

பெட்டி எடைக்கும் அந்த விமானத்தில் கணக்கு வேறு. ஆளுக்கு இருபது கிலோ, கையில் ஐந்து. நான் முறுக்கு, பருப்புப்பொடி, எங்கள் ஊர் மக்ரூன் என்று கட்டிக் கொடுத்திருந்தேன். "எதுக்கும்மா இதெல்லாம், அங்க எல்லாம் கிடைக்கும்" என்றவன்தான் கூடுதல் எடைக்குப் பணம் கட்டி அந்த முறுக்கை ஏற்றினான். அங்கே போனபிறகுதான் தெரிந்தது, அவர்கள் கட்டியது காலையும் இரவும் மட்டும் சாப்பாடு உள்ள திட்டம் என்று. மத்தியானம் இரண்டு பேரும் கடலைப் பார்த்துக்கொண்டு முறுக்கு தின்றார்களாம். இதைத்தான் நீங்கள் காதல் விருந்து என்று எழுதுகிறீர்கள் போலிருக்கிறது.

இன்னொன்று. தேனிலவுத் தம்பதிகளுக்கு இலவசக் கேக், கட்டிலில் பூ அலங்காரம், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சாப்பாடு என்று கட்டம் கட்டிப் போட்டிருந்தீர்கள். எங்கள் பிள்ளைகளிடம் விடுதியில் திருமணப் பதிவுச் சான்றிதழ் கேட்டார்கள். தாலி கட்டி எட்டு நாளில் எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிதழ் வாங்குவது? தமிழ்நாட்டில் தொண்ணூறு நாளுக்குள் பதிவு செய்தால் போதும் என்று சட்டமே சொல்கிறது. யாரும் பந்தியிலிருந்து நேரே பதிவுக்குப் போவதில்லை. என் மகன் பெட்டியைக் குடைந்து, நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகையை எடுத்து நீட்டியிருக்கிறான். வரவேற்பறைப் பெண் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, மிகவும் மரியாதையாக, இது சாப்பாட்டு மெனுவா என்று கேட்டாளாம். கேக் வரவில்லை.

"ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பாதி விலை, புத்திசாலிகள் அப்போது போவார்கள்" என்றும் ஒரு யோசனை. ஆடி மாதத்தில் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போய்விடும் ஊரில் யாருக்கு இந்த யோசனை? அது கிடக்கட்டும், எதற்குப் பாதி விலை என்று கேட்டுப் பார்த்தீர்களா? மே மாதம் தொடங்கி அக்டோபர் வரை அங்கே தென்மேற்குப் பருவமழை. எங்கள் அப்பா தூத்துக்குடி பழைய துறைமுகத்தில் தோணித் தண்டலாக, அதாவது தோணியை ஓட்டிச்செல்லும் தலைவராக இருந்தவர். வெங்காயம், உருளைக்கிழங்கு, செங்கல், ஜல்லி எல்லாம் ஏற்றிக்கொண்டு மாலேக்குப் போய்வருவார். கச்சான் என்கிற அந்தப் பருவக்காற்று ஏறிவிட்டால் தோணி கரையோடு நிற்கும், வீட்டில் கடன் வாங்கித்தான் உலை வைப்போம். தண்டல்கள் போகமாட்டோம் என்று நின்ற கடலுக்கு நீங்கள் சலுகை விலையில் சீட்டு கிழிக்கிறீர்கள். எங்கள் பிள்ளைகளுக்கும் நான்கு நாளில் இரண்டரை நாள் மழை. கல்யாணம் தையில் என்றால் வெயிலும் கிடைக்கும், விலையும் ஏறியிருக்கும்.

அப்பாவைச் சொன்னதும் உங்கள் கட்டுரையின் முதல் பத்தி நினைவுக்கு வருகிறது. "தமிழர்களுக்கு இப்போதுதான் அறிமுகமாகிவரும் மாலத்தீவு." அப்படியா? அங்கிருந்து அப்பா கொண்டுவந்த மாசிக்கருவாட்டின் மணம் எங்கள் வீட்டுப் பரணில் எத்தனை வருஷம் இருந்தது தெரியுமா? 1972இல் அந்த நாட்டில் திறந்த முதல் விடுதிக்குப் பெயர் குரும்பா. அவர்கள் மொழியில் இளநீர்க்காய். நாம் தென்னம்பிஞ்சைக் குரும்பை என்போம். உங்கள் கட்டுரையாளருக்கு அந்தப் பெயர் "கேட்டாலே அந்நிய மயக்கம்" தருகிறதாம். இவ்வளவும் உங்களுக்குத் தெரியாததல்ல. நாற்பது வருஷமாகப் பத்திரிகை நடத்துகிறவர்களுக்குத் தூத்துக்குடித் தோணியைப் பற்றி நான் சொல்லவேண்டுமா?

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தியர்களுக்கு விசா இலவசம், போய் இறங்கியதும் தருவார்கள் என்று எழுதியிருந்தது சரி. 2009க்குப் பிறகு மாஃபுஷி மாதிரி மக்கள் குடியிருக்கும் தீவுகளிலும் விருந்தினர் இல்லங்கள் வந்துவிட்டன, ஆடம்பர விடுதி வாடகையில் சிறு பங்குதான் ஆகும் என்பதை ஏன் விட்டீர்கள் என்று என் வீட்டுக்காரர் கேட்கச் சொன்னார். ஆடம்பரக் கட்டுரையில் அதற்கு இடமிருக்காது என்று நானே பதில் சொல்லிவிட்டேன்.

எனக்கும் உங்கள் பத்திரிகைக்கும் தேனிலவு விஷயத்தில் பழைய பாக்கி ஒன்று உண்டு. 1993இல் கொடைக்கானலைப் பற்றி நீங்கள் எழுதியதை நம்பித்தான் நாங்கள் இருவரும் போனோம். "கோக்கர்ஸ் வாக் அருகில், பள்ளத்தாக்கு பார்த்த அறை, எந்நேரமும் வெந்நீர்." மூன்று நாளும் ஜன்னலுக்கு வெளியே வெள்ளைத்துணி காயப்போட்ட மாதிரி மூடுபனி. வெந்நீர் காலையில் ஒரு வாளி. அதற்கும் வராந்தாவில் வரிசை. திரும்பி வந்து இரண்டு பக்கம் கடிதம் எழுதினேன். நீங்கள் போட்டது நான்கு வரி: "கொடைக்கானல் கட்டுரை அருமை. மூடுபனியை நேரில் கண்டு ரசித்தோம்." கீழே என் பெயர். அதை வெட்டி ஒட்டி வைத்திருக்கிறேன், வேண்டுமானால் நகல் அனுப்புகிறேன்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த முறை இப்படிக் கட்டுரை போடும்போது, ஓர் ஓரத்தில் சின்னக் கட்டம் கட்டி, இரண்டு பேருக்கு நான்கு இரவுக்கு வரி, படகு அல்லது விமானம், சாப்பாடு எல்லாம் சேர்த்து மொத்தம் எத்தனை ரூபாய் என்று போடுங்கள். எத்தனை மணிக்குள் போய் இறங்க வேண்டும், என்ன சான்றிதழ் கேட்பார்கள் என்று கீழே இரண்டு வரி. கூட்டிப் பார்க்க ஆள் இல்லையென்றால் எனக்கு அனுப்புங்கள், கூட்டித் தருகிறேன். விருந்தினராக வரமாட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
தூத்துக்குடி.

பி.கு.: இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு, "என்னதான் இருந்தாலும் கடல் ரொம்ப அழகா இருந்துச்சு அத்தை, அதையும் எழுதுங்க" என்றாள் மருமகள். எழுதிவிட்டேன். தயவுசெய்து அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துப் போட்டுவிடாதீர்கள்.