பேப்பர் கடை பாய்க்கும் மற்ற எல்லோருக்கும்

வீட்டில் தண்ணீர் புகுந்ததால் தங்கியிருந்த மண்டபத்தில் இருந்து நேற்றுதான் வீடு வந்து சேர்ந்தோம். மழையைப் பற்றியோ தண்ணீர் வந்த அந்த ராத்திரியைப் பற்றியோ எழுதப் போவதில்லை, இதைப் படிக்கிற பாதிப் பேர் எங்களோடு அதே ஹாலில்தான் படுத்திருந்தீர்கள். சுவர் இன்னும் காயவில்லை, பாத்திரமெல்லாம் வாசலில் கிடக்கிறது, ஆனால் இப்போது எழுதாவிட்டால் அப்புறம் எழுதவே மாட்டேன்.

முதல் நன்றி எங்கள் வேலூர் காகிதப்பட்டறை பழைய பேப்பர் கடை பாய்க்கு.

பெரியவர்களுக்காவது கவலைப்படுகிற வேலை இருந்தது, பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை. பள்ளிக்கூடம் லீவு, போனில் சார்ஜ் கிடையாது, வெளியே விடவும் முடியாது. சரி, கையில் கிடைத்ததை வைத்து மிருகம் செய்யலாம் என்று உட்கார வைத்தேன். சமையல்கட்டில் இருந்து வந்த கொட்டாங்குச்சிகள் ஆமை ஆயின, மண்டபத்தில் கிடந்த பழைய கல்யாணப் பத்திரிகைகள் யானைக் காது ஆயின, அதோடு சாமான் தீர்ந்தது. பாய் கடையில் முட்டை அட்டை இருந்தால் வாங்கி வா என்று ஒரு பையனை அனுப்பினேன். அவர் கடையிலும் தண்ணீர் புகுந்து கட்டுக் கட்டாகப் பேப்பர் ஊறிப்போயிருந்தது தெரிந்திருந்தால் கேட்டிருக்கவே மாட்டேன்.

சாயங்காலம் அவரே வண்டியில் கோணிப்பைகளோடு வந்து இறங்கினார். பைகளின் மேல் சாக்பீஸால் எழுதியிருந்தது: முதலைக்கு, யானைக்கு, மீனுக்கு. என்னென்ன செய்யப் போகிறீர்கள் என்று பையனிடம் விசாரித்து வைத்துக்கொண்டிருக்கிறார்! முதலைப் பையில் 30 முட்டை பிடிக்கிற அட்டைகள், உடைந்த முட்டை ஒழுகிய கறை ஒன்றில்கூட இல்லை, எல்லாம் பார்த்துப் பார்த்துப் பொறுக்கியவை. யானைப் பையில் காலுக்கு ஆகிற மாதிரி துணி சுற்றி வரும் கெட்டிக் குழாய்கள். மீன் பையில் பாதியாக வெட்டிய பாட்டில்கள், அந்த வெட்டின விளிம்பை எல்லாம் சூடான இஸ்திரிப் பெட்டியில் ஒற்றி எடுத்து மழுக்கியிருந்தார். "பசங்க கைய அறுத்துக்கும்மா" என்றார், அவ்வளவுதான். காசு கொடுக்கப் போனால் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

அந்த அட்டையில் ஒரு வரிசையை நீளமாக வெட்டிக் கவிழ்த்தால் ஆறு மேடு, முதலை முதுகு தயார். மிச்சத் துண்டுகளை ராத்திரி ஊறவைத்து, வெந்தயமும் சேர்த்து அரைத்து, அந்தக் காலத்தில் காகிதக்கூழ் கூடை செய்வார்களே அந்தப் பக்குவத்தில் ஒரு பாட்டி பிசைந்து கொடுத்தார். வெந்தயம் நன்றாகவே பிடித்தது, கடைப் பசை இல்லாதது பெரிய குறையாகத் தெரியவில்லை. (பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் போடச் சொல்வார்கள். அது விஷம், சின்னப் பிள்ளைகள் கை வைக்கிற கூழில் வேண்டாம்.) ஒரு பெண் மட்டும் அமிர்தி மிருகக்காட்சி சாலையில் பார்த்த மான் வேண்டாம், முதலையும் வேண்டாம், கோட்டைக் கோவில் கல்யாண மண்டபத்துத் தூணில் இருக்கிற யாளிதான் வேண்டும் என்று அடம்பிடித்தாள். செய்தும் முடித்தாள், துதிக்கை மட்டும் சற்றுத் தொங்குகிறது.

பட்டன் கொடுத்த டெய்லர் அக்கா, பால் பாக்கெட்டைக் கழுவிச் சேர்த்து வைத்த டீக்கடை அண்ணன், வெந்தயத்தை எடுத்துக்கொடுத்துவிட்டு எதற்கு என்றுகூடக் கேட்காத சமையல் மாஸ்டர், ராத்திரி முழுக்க விழித்திருந்த தெருப் பையன்கள், ஜுரத்துக்கு மாத்திரை கொடுத்த நர்ஸம்மா, பெயர் தெரியாமல் பிஸ்கட் பெட்டி இறக்கிவிட்டுப் போன ஆம்பூர்க்காரர்கள், உங்கள் எல்லோருக்கும் நன்றி.

இன்னொன்று. அன்றைக்கு பாயின் விரலில் துணி சுற்றியிருந்தது. யாரோ போட்ட பேப்பர் மூட்டைக்குள் உடைந்த டியூப்லைட்டாம். இனி எங்கள் வீட்டிலிருந்து போகிற மூட்டையில் கண்ணாடியும் பிளேடும் தனியாகச் சுற்றி, மேலே எழுதித்தான் போகும். எழுதுகிற வேலையைப் பிள்ளைகள் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள், சாக்பீஸுக்கு இப்போதே சண்டை.