நீராவிக் கப்பல் உலா: ஏறுமுன் கேட்க வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய பாணி நீராவிக் கப்பலை வாடகைக்கு எடுத்து, படகுக் கழகங்கள் தங்கள் உறுப்பினர்களை ஏரி உலாவுக்கு அழைத்துச் செல்வது மிக நல்ல விஷயம். ஆனால் அதற்கான திட்டம் சாப்பாடு, பாட்டு, புகைப்படம் என்று தொடங்கி, கப்பலைப் பற்றிய பேச்சு கடைசியில்தான் வருகிறது. கப்பலை முதலில் விசாரித்துவிட்டு மற்றதை அதற்கேற்ப அமைக்க வேண்டும்.

உள்ளே ஓடுவது நீராவியா, டீசலா என்பதை முதலில் கேளுங்கள். புகைபோக்கி இருப்பதாலேயே கொதிகலன் இருக்கும் என்று நினைத்துவிட முடியாது. இங்கிலாந்தின் அல்ஸ்வாட்டர் ஏரியில் ஓடும் 'லேடி ஆஃப் தி லேக்' 1877இல் வெள்ளோட்டம் விடப்பட்டது. இன்றும் நீராவிக் கப்பல் என்றே பெயர், ஓடுவதோ டீசலில். ஜெனீவா ஏரியின் 'மோந்த்ரூ' இதற்கு நேர்மாறு: 1904இல் கட்டி, இடையில் டீசலுக்கு மாற்றி, 2001இல் புதிதாகச் செய்த நீராவி எஞ்சினைப் பொருத்தினார்கள். டீசல் கப்பலில் போவது ஒரு குறையே அல்ல. ஆனால் எஞ்சினைப் பார்க்கும் ஆசையோடு வருபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் நேர்மை. நியூசிலாந்தின் வாகடிபு ஏரியில் 1912 முதல் இருக்கும் 'எர்ன்ஸ்லா' போன்ற கப்பலானால், எஞ்சின் அறைக்கு மேலே உள்ள நடைபாதையில் நின்று கரி அள்ளிப் போடுவதைப் பார்க்கலாம். மணிக்கு ஏறத்தாழ ஒரு டன் நிலக்கரி தின்னும் கப்பல் அது. அங்கே நிற்கக் கிடைக்கும் அரை மணி நேரம் மேல்தளத்தின் எந்த விருந்தையும்விடச் சுவையானது.

உண்மையான நீராவி என்றால் நேரம் தவறக் கூடாது. பெரிய கொதிகலனை அவசரமாகச் சூடேற்ற முடியாது. உலையை ஒட்டிய தகடுகள் சீக்கிரம் விரிந்துவிடும். அடியிலுள்ள நீரும் எஃகுத் தகடும் குளிர்ந்தே கிடக்கும். இந்த இழுபறியில் குழாய் முனைகளும் ரிவெட் மூட்டுகளும் கசியத் தொடங்கும். அதனால்தான் முந்தைய நாளே மெதுவாகத் தீ மூட்டுகிறார்கள். காலையில் "ஒரு மணி நேரம் கழித்துக் கிளம்பலாம்" என்று கழகம் சொன்னால், தீ அதற்காகக் காத்திருக்காது. அழுத்தம் ஏறிப் பாதுகாப்பு வால்வு திறக்கும், நீராவி வீணாகும், கொதிகலனுக்கு மறுபடி நீர் ஏற்ற வேண்டிவரும்.

புறப்படும்போது கப்பலின் பக்கத்தில் உஸ்ஸென்று வெள்ளையாக நீராவி பீறிட்டால் பயப்பட வேண்டாம். குளிர்ந்த சிலிண்டருக்குள் போன நீராவி தண்ணீராகிவிடும். தண்ணீரைப் பிஸ்டனால் அழுத்த முடியாது. அது உள்ளேயே நின்றால் சிலிண்டர் மூடியே உடைந்துபோகும். அதனால் வடிகுழாய்களைத் திறந்து வைத்து, சிலிண்டர் சூடான பிறகு மூடுவார்கள். குழந்தைகளுக்கு இதை முன்பே விளக்கிவிட்டால் அவர்கள் அந்தச் சத்தத்துக்காகவே காத்திருப்பார்கள்.

இனி, எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுவது எடை. "எத்தனை பேர் ஏறலாம்" என்று எல்லோரும் கேட்கிறோம். "மேல்தளத்தில் ஒரே நேரத்தில் எத்தனை பேர் நிற்கலாம்" என்று கேட்பவர் அபூர்வம். ஆளுக்கு 75 கிலோ என்று வைத்தால் 100 பேர் ஏழரை டன். அவர்கள் நடுவிலிருந்து 4 மீட்டர் நகர்ந்து ஒரு பக்கக் கம்பியில் சாய்ந்தால், கப்பலைச் சாய்க்கும் திருப்புத்திறன் (எடையை நகர்ந்த தூரத்தால் பெருக்கியது) 30 டன்-மீட்டர். கூட்டம் எவ்வளவு உயரத்தில் நிற்கிறதோ அவ்வளவுக்குக் கப்பல் மீண்டு நிமிரும் திறனும் குறையும். 1915 ஜூலை 24 அன்று சிகாகோ ஆற்றில் 'ஈஸ்ட்லாண்ட்' என்ற பயணிக் கப்பல் கவிழ்ந்தது துறையில் கட்டியிருந்த நிலையிலேயேதான். ஏறியிருந்தவர்கள் ஒரு நிறுவனத்தின் உலாவுக்கு வந்த தொழிலாளர்களும் குடும்பத்தாரும். இறந்தவர்கள் 844 பேர். 2005இல் நியூயார்க் மாநிலத்து ஜார்ஜ் ஏரியில் 'ஈத்தன் ஆலன்' என்ற சுற்றுலாப் படகு கவிழ்ந்து 20 பேர் இறந்தபோது, ஒருவர் எடை 140 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 64 கிலோ என்ற பழைய கணக்கு வெகு குறைவு என்பது வெளிப்பட்டது. 2011 முதல் அமெரிக்கக் கடலோரக் காவல்படை 185 பவுண்டு, சுமார் 84 கிலோ என்று கணக்கிடுகிறது. அனுமதிச் சான்றிதழில் உள்ள எண் எந்தச் சராசரி எடையை வைத்துப் போடப்பட்டது என்று கேட்கக் கழகச் செயலாளர் தயங்கவே கூடாது.

பக்கவாட்டுத் துடுப்புச் சக்கரம் உள்ள கப்பலில் இன்னொரு சிக்கலும் உண்டு. கூட்டம் ஒரு பக்கம் போனால் அந்தப் பக்கச் சக்கரம் ஆழமாக மூழ்கும், எதிர்ச் சக்கரம் நீரை விட்டு எழும்பும், கப்பல் ஒருபுறமாக இழுக்கும். பெரும்பாலான பயணிக் கப்பல்களில் இரண்டு சக்கரங்களும் ஒரே அச்சில் இருப்பதால் ஒன்றை முன்னும் மற்றதைப் பின்னும் சுழற்றித் திருப்பவும் வழியில்லை. துறையை நெருங்கும் நேரத்தில் எல்லோரும் இறங்கும் வாசலில் முண்டியடிப்பது மாலுமிக்குச் செய்யும் பெரிய கெடுதல். உறுப்பினர்களை மூன்று குழுவாகப் பிரித்து, கையில் வெவ்வேறு நிறப் பட்டை கட்டி, மேல்தளம், கீழ்த்தளம், எஞ்சின் நடைபாதை என்று முறைவைத்து மாற்றுங்கள். ஒலிபெருக்கியில் "வலப்பக்கம் பாருங்கள்" என்று அறிவிப்பதைத் தவிருங்கள். திரும்பி வரும்போது அதே காட்சி மறுபக்கத்தவருக்கும் கிடைக்கும்.

சொந்தப் படகில் கூடவே வர விரும்பும் உறுப்பினர்களும் கவனிக்க வேண்டும். சக்கரத்தின் முன்னால் நீர் உள்ளிழுக்கும், பின்னால் கொந்தளிக்கும். பக்கவாட்டில் ஒட்டி வரவே கூடாது. சர்வதேச விதிப்படி ஒரு குறுகிய ஊதல் கப்பல் வலப்பக்கம் திரும்புகிறது என்பதைக் குறிக்கும். இரண்டு என்றால் இடப்பக்கம், மூன்று என்றால் எஞ்சின் பின்னோக்கி ஓடுகிறது, ஐந்து என்றால் உங்கள் நோக்கம் அவர்களுக்குப் புரியவில்லை. ஐந்து கேட்டதும் விலகிவிடுங்கள்.

கரி எரிக்கும் கப்பலில் புகைபோக்கிக்குப் பின்புற இருக்கைகளில் கரித்துகள் விழும். வெள்ளை உடை வேண்டாம். எஞ்சின் அருகே போகிறவர்கள் வழுக்காத, மூடிய காலணி அணிந்து, துப்பட்டாவையும் நீண்ட கூந்தலையும் கட்டிக்கொள்ள வேண்டும். குழந்தைகள் அளவு உயிர்காப்பு அங்கி எத்தனை இருக்கிறது, எங்கே இருக்கிறது என்பதை ஏறுவதற்கு முன்பே நேரில் பார்த்துவிடுங்கள்.

இத்தகைய உலாக்களுக்கான விளம்பரங்களைத் தங்கள் நாளிதழ் வெளியிடும்போது, எஞ்சின் வகையையும் ஒவ்வொரு தளத்துக்குமான ஆள் வரம்பையும் சேர்த்துக் குறிப்பிடுமாறு விளம்பரதாரர்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
படகோட்டத்தில் ஈடுபாடுள்ள வாசகர்