அடையாறு வரிசையில் நின்ற அக்காவுக்கு

சென்ற மாதம் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில், மருந்து வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்ற அக்காவுக்கு இந்த நன்றி. பெயர் கேட்கக்கூடத் தோன்றவில்லை. என் மடத்தனம்.

அப்பாவுக்கு 74 வயது, குடல் புற்றுநோய். கேப்சிடபின் மாத்திரை காலையும் இரவும், சாப்பிட்ட அரை மணி நேரத்துக்குள். 14 நாள் போட்டு 7 நாள் விட வேண்டும். எனக்கே குழம்பும் கணக்கு. அண்மைக்காலமாக அவருக்கு மறதி வேறு. "போட்டேனா, இல்லையா?" என்று மறுபடியும் அட்டையைப் பிரிப்பார். நான் கத்துவேன். அன்று வரிசையிலும் கத்தினேன்.

நீங்கள் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. பையிலிருந்து, ரப்பர் பேண்ட் போட்ட தினசரி நாட்காட்டித் தாள்களை எடுத்தீர்கள். உங்கள் மாமியாருடையவை. காலைக்கு ஒரு கோடு, இரவுக்கு ஒரு கோடு; மாத்திரை இல்லாத நாள்களில் சிவப்பில் பெருக்கல் குறி. மாத்திரை அட்டை வீட்டாரிடம், பேனா மாமியாரிடம். பிறகு என்னை விட்டுவிட்டு அப்பாவைப் பார்த்து, "ஐயா, நீங்கள் எழுதுங்கள், தம்பி சரிபார்க்கட்டும்" என்றீர்கள். முப்பது வருடம் மளிகைக் கடையில் கணக்கெழுதியவர் அவர். முகம் மலர்ந்துவிட்டது.

நேற்றிரவு மாத்திரை எடுத்துத் தர நான்தான் மறந்தேன். கோடு விழாத தாளை என் முன் நீட்டினார் அப்பா.